நுரை வந்த சனிக்கிழமை

சனிக்கிழமை காலையில் ஜாய்சனின் தலையைக் காணவில்லை. கழுத்துக்கு மேல் வெறும் நுரைதான் இருந்தது.

“அக்கா, நான் கிறிஸ்மஸ் தாத்தா!” என்று நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஜோவிதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையிலிருந்த சோப்பைப் பார்த்தாள். அதே பழைய சோப்புதான். நேற்று வரை எவ்வளவு தேய்த்தாலும் அதில் நுரை வந்ததே இல்லை.

அவர்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருந்தது. கிருபா ஃபிளாட்ஸ் என்று பெயர். எட்டு வீடுகள். எட்டு வீட்டுக் குழாய்களிலும் போர் தண்ணீர்தான் வரும். நிலத்துக்கு அடியில், பாறைகளுக்கு நடுவே கிடந்து, அங்கிருக்கும் உப்புகளையெல்லாம் கரைத்துக்கொண்டு மேலே வரும் தண்ணீர். அந்த உப்புதான் சோப்பை நுரைக்க விடாது. பக்கெட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி படியும். குழாயின் வாயில் வெள்ளைக் கல்லாக உறையும். தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். குடிக்கவும் சமைக்கவும் எல்லோரும் கேன் தண்ணீர்தான் வாங்குவார்கள்.

“அம்மா! இங்க வந்து பாரேன். சோப்பு நுரைக்குது!”

அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். ஜாய்சனைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையிலும் சோப்பைத் தேய்த்துப் பார்த்தாள்.

“அடடா! எத்தனை வருஷமாச்சு இப்படி நுரையைப் பார்த்து!” என்றாள். “இன்னைக்கே தலைக்குக் குளிச்சிடணும்.”

அம்மா பாடிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். ஜோவிதா பாடவில்லை. தம்பியின் தலையில் தண்ணீரை ஊற்றினாள். நுரை வழிந்து ஓடி, தலை திரும்பவும் கிடைத்தது. முடியைத் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

ஒரே ராத்திரியில் தண்ணீர் எப்படி மாறும்?

ஜோவிதா ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். எதைப் பார்த்தாலும் கொஞ்சம் கவலைப்படுவாள். கேஸை மூடினோமா, பஸ்ஸில் பையை விட்டுவிட்டோமா, அப்பா ஹெல்மெட் எடுத்துக்கொண்டாரா என்று நினைத்துக்கொண்டே இருப்பாள். இப்போது அப்பாவும் வீட்டில் இல்லை. கேளம்பாக்கத்தில் வேலைக்குப் போனவர், மழையில் வழியெல்லாம் தண்ணீர் நின்றதால் நண்பர் வீட்டிலேயே தங்கிவிட்டார். மூன்று நாளாக ஓயாத மழை. பள்ளிக்கூடத்துக்கு லீவு. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். கேன் போடும் வண்டி உள்ளே வர முடியவில்லை.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. மாடிப்படியில் ஒரே பேச்சு. எல்லாம் தண்ணீரைப் பற்றித்தான்.

“என் முடியைத் தொட்டுப் பாருங்க, பட்டு மாதிரி இருக்கு!” என்றாள் தரைத்தளத்தில் இருக்கும் ஈவ்லின் அக்கா. இடுப்பில் அவளுடைய கைக்குழந்தை. மறுநாள் சர்ச்சில் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்காக அன்று சாயங்காலம் அவள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்திருந்தார்கள்.

படியின் நடுவில் ஸ்ரீரங்கன் சார், போட்டோவுக்கு நிற்பவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். அவர்தான் ஃபிளாட்ஸின் செக்ரட்டரி.

“போன கோடையில மழைநீர்க் குழி வெட்டலாம்னு சொன்னப்போ எல்லாரும் சிரிச்சீங்களே,” என்றார். “இப்ப பாருங்க! மொட்டைமாடி மழைத்தண்ணி பூரா குழிக்குள்ள இறங்கி, போர் தண்ணியே இனிச்சுப் போச்சு!”

“அப்ப குடிக்கலாமா சார்?” என்று கேட்டார் ஈவ்லின் அக்காவின் கணவர் ஜெர்சன் அண்ணா. “கேன் வர மாட்டேங்குது. சாயங்காலம் ஜூஸ் போடணும்.”

“தாராளமா! நானே காலையில ரெண்டு டம்ளர் குடிச்சேன். இளநீர் தோத்துப்போகும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்ரீரங்கன் சாரின் முகம் மலர்ந்துபோனது. அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து ஜோவிதா பார்த்ததே இல்லை. சைக்கிளை ஒழுங்காக நிறுத்து, படியில் ஓடாதே என்று அதட்டுகிறவர்தான் அவர்.

ஜோவிதா மெதுவாகக் கீழே இறங்கினாள். கார் நிறுத்தும் இடத்தின் பின்பக்கம் போர் மோட்டார் இருந்தது. மோட்டாரிலிருந்து வரும் பைப்பிலேயே ஒரு சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். வண்டி கழுவுவதற்காக. நிலத்திலிருந்து ஏறும் தண்ணீர் வேறு எங்கும் போகாமல் நேராக அதில் வரும்.

போர் தண்ணீர் இனித்துப்போயிருந்தால், இந்தக் குழாயிலும் நுரைக்க வேண்டும். சரிதானே?

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாவாடையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த சோப்பை எடுத்தாள். குழாயைத் திறந்து கையை நனைத்துத் தேய்த்தாள்.

தேய்த்தாள். தேய்த்தாள். இன்னும் தேய்த்தாள்.

நுரை வரவில்லை. கை பிசுபிசுவென்று ஒட்டியது. அதே பழைய உப்புத் தண்ணீர்!

போர் தண்ணீர் மாறவே இல்லை. ஆனால் வீட்டுக் குழாயில் வருவது மாறியிருக்கிறது. அப்படியென்றால், நடுவில் எங்கேயோ வேறு தண்ணீர் கலக்கிறது.

நடுவில் என்ன இருக்கிறது? போரிலிருந்து தண்ணீர் முதலில் சம்ப்புக்குப் போகும். சம்ப் என்பது கேட்டுக்குப் பக்கத்தில், தரைக்கு அடியில் கட்டியிருக்கும் பெரிய தொட்டி. அங்கிருந்துதான் இன்னொரு மோட்டார் மேல் டேங்குக்கு ஏற்றும்.

அவள் கேட்டைப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே தெருவில் மூன்று நாள் மழைத்தண்ணீர் கறுப்பாக நின்றது. சாக்கடை நிரம்பி அதோடு சேர்ந்திருந்தது. ஒற்றைச் செருப்பு ஒன்றும், பால் கவர்களும், என்னவென்று தெரியாத ஏதேதோவும் மிதந்தன.

அவள் மாடிக்கு ஓடினாள்.

“அம்மா, குழாய்த் தண்ணியைக் குடிக்கக் கூடாதும்மா! அதுல ஏதோ கலந்திருக்கு!”

அம்மா ஜெபக்கூட்டத்துக்காக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

“என்ன கலந்திருக்கு? பார்த்தியா?”

“பார்க்கல. ஆனா போர்ல நுரை வரல. நம்ம வீட்டுல வருது.”

“நுரை வரலைன்னாலும் கவலை, வந்தாலும் கவலையா உனக்கு? ஜோ, அந்தப் பெரிய தட்டை எடுத்துக்கிட்டுப் போய் ஈவ்லின் அக்காகிட்ட குடுத்துட்டு வா. நான் குளிச்சிட்டு வந்து கேட்கறேன்.”

ஜோவிதா தட்டோடு இறங்கினாள். ஈவ்லின் அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். மூலையில் பெரிய எவர்சில்வர் அண்டா. ஜெர்சன் அண்ணா குழாயில் டியூபை மாட்டி அதில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிழிந்துவைத்த எலுமிச்சைச் சாறு.

“வா ஜோ! ஜூஸ் கலந்ததும் உனக்குத்தான் முதல் டம்ளர்,” என்றார்.

தெருவில் ஒரு குடும்பம் சேலையையும் பேண்ட்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தது. அவர்களோடு இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஜெபக்கூட்டத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

ஜோவிதா அண்டாவைப் பார்த்தாள். ‘கலக்காதீங்க’ என்று இங்கேயே கத்திவிடலாமா? அவள் நினைத்தது தப்பாக இருந்தால்? ஈவ்லின் அக்கா எவ்வளவு ஆசையாக ஏற்பாடு செய்திருக்கிறாள்! அத்தனை பேர் முன்னால் ஸ்ரீரங்கன் சாரும் தலைகுனிந்து நிற்க வேண்டிவரும். ஆனால் அவள் நினைத்தது சரியாக இருந்தால்?

அவள் தட்டை வைத்துவிட்டு ஓடினாள். வீட்டில் கிடந்த இரண்டு காலி பாட்டில்களை எடுத்தாள். ஒன்றில் அடுப்படிக் குழாயில் பிடித்தாள். மறுபடியும் கீழே ஓடி, இன்னொன்றில் போர் குழாயில் பிடித்தாள். குளிக்கிற சோப்பைக் கத்தியால் சீவி, இரண்டிலும் ஒரே அளவு போட்டாள். பிறகு ஸ்ரீரங்கன் சார் வீட்டு பெல்லை அழுத்தினாள்.

அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கதவைத் திறந்தார். ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா? சைக்கிளா?”

“இல்ல அங்கிள்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “உங்ககிட்ட மட்டும் ஒண்ணு காட்டணும். வேற யார்கிட்டயும் சொல்லல. அம்மாகிட்ட மட்டும்தான். அம்மாவும் நம்பல.”

அவள் ஒரு பாட்டிலைக் குலுக்கினாள். நுரை கழுத்து வரை ஏறியது.

“இது எங்க வீட்டுக் குழாய்.”

“பார்த்தியா!” என்று சிரித்தார் அவர். “எல்லாம் நம்ம குழி பண்ற வேலை.”

அவள் இன்னொரு பாட்டிலைக் கொடுத்தாள். “இதை நீங்களே குலுக்குங்க அங்கிள்.”

ஸ்ரீரங்கன் சார் குலுக்கினார். நுரைக்குப் பதிலாக, திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சில துணுக்குகள் மிதந்தன. திரும்பவும் குலுக்கினார். கைக்கடிகாரம் கழன்றுவிடும் போல ஆடியது. நுரை வரவில்லை.

“இது எந்தத் தண்ணி?”

“போர். இப்பத்தான் பிடிச்சேன். குழியால போர் தண்ணி மாறியிருந்தா, இதுலயும் நுரைக்கணும்தானே?”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. ஜோவிதாவுக்குப் பாவமாக இருந்தது.

“உங்க குழி ஒண்ணும் தப்பு பண்ணல அங்கிள்,” என்றாள் அவசரமாக. “ஆனா வேற எங்கேயோ இருந்து உப்பில்லாத மழைத்தண்ணி வந்து கலக்குது.”

“மேல் டேங்க் மூடி காத்துல விலகியிருக்கும். அதுல நேரா மழை பெய்திருக்கும். அப்படின்னா அது நல்ல தண்ணிதான்,” என்றார் அவர். ஆனால் குரலில் பழைய பலம் இல்லை. “வா, பார்த்துடலாம்.”

இருவரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். டேங்கின் மூடி இறுக்கமாக மூடியிருந்தது. மேலே ஒரு செங்கல்லும் இருந்தது.

ஸ்ரீரங்கன் சார் படிகளில் வேகவேகமாக இறங்கினார். ஜோவிதாவும் பின்னாலேயே ஓடினாள். ‘படியில் ஓடாதே’ என்று இன்று அவர் சொல்லவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் போய், சம்ப்பின் இரும்பு மூடியை இழுத்தார்.

“நீ அங்கேயே நில்லு. கிட்ட வராதே.”

மண்டியிட்டு, செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். ஜோவிதா இரண்டு கைகளையும் இறுக்கிக்கொண்டு நின்றாள். ஈவ்லின் அக்கா வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. ஜெபக்கூட்டம் ஆரம்பித்துவிட்டது.

“அங்கிள்?”

“ஐயையோ!” என்றார் ஸ்ரீரங்கன் சார்.

சம்ப்பின் தெருப்பக்கச் சுவரில் ஒரு விரிசல். அதன் வழியாகத் தெருத் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. சுவர் நெடுக, நத்தை போன தடம் மாதிரி பழுப்புக் கோடுகள். மூடியைத் திறந்ததும் சாக்கடை வாடையும் லேசாக அடித்தது.

“சாக்கடைத் தண்ணி... இதையா குடிச்சோம்? இதையா இளநீர்னு சொன்னேன்?” அவர் எழுந்து நின்றார். இஸ்திரி போட்ட பேண்ட்டின் இரண்டு முழங்கால்களிலும் சேறு. ஓடிப்போய் மேலே ஏற்றும் மோட்டாரை நிறுத்தினார்.

“அங்கிள், ஜூஸ்!” என்று கத்தினாள் ஜோவிதா.

இருவரும் ஓடினார்கள். கூடத்தில் பாட்டு முடிந்திருந்தது. ஜெர்சன் அண்ணா தட்டில் டம்ளர்களை வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். தெருவில் நடந்து வந்த குடும்பத்துப் பையன் ஒரு டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான்.

“குடிக்காதே!”

ஸ்ரீரங்கன் சாரின் சத்தத்தில் பையன் கையிலிருந்த டம்ளர் பாயில் விழுந்து உருண்டது. குழந்தை வீறிட்டு அழுதது. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

“யாரும் குடிக்காதீங்க. சம்ப்ல தெருத் தண்ணி இறங்குது. நல்ல தண்ணின்னு நான் சொன்னது தப்பு. இந்தப் பொண்ணு வந்து சொல்லலைன்னா...” அவர் ஜெர்சன் அண்ணாவின் கையிலிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

ஈவ்லின் அக்கா அண்டாவைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

“குழந்தையோட கஞ்சியைக்கூட மத்தியானம் அந்தத் தண்ணியிலதான் வச்சேன்,” என்றாள்.

“நல்லாக் கொதிச்சதுதானே? கொதிச்சா பயமில்ல,” என்று ஜெபக்கூட்டத்துக்கு வந்திருந்த அம்மா அவள் தோளைத் தொட்டாள். பிறகு சட்டென்று திரும்பினாள். “ஜாய்சன்! நீ குழாய்த் தண்ணி குடிச்சியா?”

ஜாய்சன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் தன்னைப் பார்ப்பதில் அவனுக்குப் பெருமை.

“குடிச்சேனே! நிறைய! பாத்ரூம் குழாயிலயே வாயை வச்சுக் குடிச்சேன்!”

ஜோவிதா ஓடிப்போய்த் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு என்னென்னவோ நடந்தது. அண்டாவைக் கவிழ்த்தார்கள். மேல் டேங்கைக் காலி செய்தார்கள். மறுநாள் சாப்பாட்டைச் சர்ச் ஹாலிலேயே சமைத்துக்கொள்வதாக முடிவு செய்தார்கள். அதெல்லாம் அவள் மனதில் பதியவில்லை. அவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு வலிக்குதா, வயிறு வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “நீ கேட்டுக் கேட்டுத்தான் வலிக்கப்போகுது,” என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வலித்தே விட்டது. வாந்தியும் வந்தது. பேதியும் போனது. கிறிஸ்மஸ் தாத்தாவாகக் குதித்தவன் துவண்டுபோய் அம்மாவின் மடியில் கிடந்தான்.

தெருவில் ஆட்டோ வராது. அம்மா செய்வதறியாமல் வாசலில் நின்றபோது ஸ்ரீரங்கன் சார் வந்தார். ஜாய்சனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். முழங்கால் தண்ணீரில் அடிமேல் அடி வைத்து நடந்தார். அம்மா குடை பிடித்தாள். ஜோவிதா அம்மாவின் கையை விடவில்லை.

மெயின் ரோட்டில் ஒரு கிளினிக் திறந்திருந்தது. டாக்டரம்மா ஜாய்சனின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார்.

“சரியாயிடும். உப்பு சர்க்கரைப் பவுடர் தர்றேன். நல்லாக் கொதிச்சு ஆறின தண்ணியில கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துக்கிட்டே இருங்க. பசிக்குதுன்னு சொன்னா தயிர்சாதம் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள நிக்கலைன்னா திரும்பக் கூட்டிட்டு வாங்க.” பிறகு ஸ்ரீரங்கன் சாரைப் பார்த்தார். “நீங்க ஏன் சார் வயித்தைப் பிடிச்சுக்கிட்டே நிக்கறீங்க?”

“எனக்கும் ஒரு பாக்கெட் குடுங்க டாக்டர்,” என்றார் அவர் மெல்லிய குரலில். “நான் ரெண்டு டம்ளர்.”

அழுகைக்கு நடுவிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று முழுவதும் ஜோவிதா தம்பியின் பக்கத்திலேயே இருந்தாள். எல்லோரும் சர்ச்சுக்குப் போனார்கள். அவளும் அம்மாவும் போகவில்லை. கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்தான், தூங்கினான், எழுந்து பாத்ரூமுக்குப் போனான். அவன் தூங்கும்போதெல்லாம் மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்தாள். கீழே சம்ப்பிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியேற்றும் மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விரிசலை அடைக்க சிமெண்ட் மூட்டை ஓர் ஆளின் தலைச்சுமையாக வந்திறங்கியது. அப்பா போனில் கூப்பிட்டார். வழி கிடைத்துவிட்டது, கிளம்பிவிட்டேன் என்றார்.

சாயங்காலம் ஈவ்லின் அக்கா வெள்ளை உடுப்புப் போட்ட குழந்தையோடு வந்தாள். கையில் ஒரு தூக்குப் பாத்திரம்.

“ஜோ, உனக்குன்னு பிரியாணி எடுத்துட்டு வந்தேன்,” என்றாள். பிறகு குழந்தையை அவள் மடியில் வைத்தாள். குழந்தை ஜோவிதாவின் சடையைப் பிடித்து இழுத்தது.

தூக்கின் மூடியைத் திறந்ததும் வாசனை வீடெங்கும் பரவியது. ஆனால் ஜோவிதா அதைத் தொடவில்லை.

அப்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“அம்மா... பசிக்குது.”

அம்மா விருட்டென்று திரும்பினாள். ஜாய்சன் எழுந்து உட்கார்ந்திருந்தான். முடி குத்திட்டு நின்றது. கண் தூக்கை நோக்கி இருந்தது.

“உனக்குத் தயிர்சாதம்தான்,” என்றாள் ஜோவிதா.

“லெக் பீஸ் பார்க்க மட்டும் பார்த்துக்கறேன்.”

அம்மா தயிர்சாதம் பிசைந்து கொண்டுவந்தாள். ஜோவிதா கிண்ணத்தை வாங்கி, சின்னதாக ஒரு உருண்டை உருட்டினாள். அவன் பிரியாணியைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான்.

உருண்டை உள்ளே போனது. “இன்னொண்ணு,” என்றான்.